இதயம் பெரிதானால் நோயா?

கடந்த ஆண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஓட்டப் போட்டிக்கு முன்னர் எங்கள் குழுவினர் அனைவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. நான் ஐயாயிரம் மீட்டரும் குறுக்கோட்டமும் ஓடுபவள். மற்ற தோழியர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். என்னை மட்டும் இ.சி.ஜி. எடுத்த தாதி மறுபடியும் படுக்கச் சொன்னார். நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 44. காகிதத்தில் அலைகள் வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. 'இடது பக்கம் பெரிதாகி இருக்கலாம், எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவோம்' என்று மருத்துவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் வீட்டுக்குத் தொலைபேசியில் அதை அப்படியே சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

"தாத்தாவுக்கும் இதயம் பெருசா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். படிப்ப மட்டும் பாரும்மா" என்றார் அம்மா.

என் தாத்தா கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். நெடுங்காலமாக இரத்த அழுத்தம் இருந்தும் மாத்திரை சாப்பிடாமல் விட்டவர். கடைசி ஓராண்டில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கி, 2011இல் இறந்துபோனார். அப்போது எனக்கு எட்டு வயது. அவருடைய இதயமும் பெரியது, என்னுடையதும் பெரியது. அப்படியென்றால் அம்மா பயப்படுவதில் என்ன தவறு?

நான் உயிரியல் மருத்துவம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. இருந்தும் அம்மாவின் அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்திருந்தாலும் சொல்லத் தமிழில் சொல் இருந்திருக்காது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது இதயம் அவரவர் கைமுட்டி அளவு இருக்கும் என்பதோடு பாடம் முடிந்தது. இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாயில் படித்ததால் இதயத்தின் அறைகள் எனக்கு 'வென்ட்ரிக்கல்', 'ஆட்ரியம்' என்றே பழக்கமாயின. இந்தக் கட்டுரைக்காகத்தான் அவற்றைக் கீழறை, மேலறை என்று எழுதிப் பழகினேன். நம் பேரவை உறுப்பினர்களில் காலையில் திடலைச் சுற்றி ஓடுபவர்களும் உண்டு, வீட்டில் இதய நோயாளி உள்ளவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

விளையாட்டாளரின் இதயம் பெரிதாக இருப்பதை முதன்முதலில் எழுதி வைத்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷென். ஆண்டு 1899. எக்ஸ்ரே கண்டுபிடித்து நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அவரிடம் இருந்த கருவி அவருடைய விரல்களே. நீண்டதூரப் பனிச்சறுக்குப் பந்தய வீரர்களின் மார்பில் விரலை வைத்துத் தட்டி, ஓசை மாறும் இடத்தை வைத்து இதயத்தின் எல்லையைக் கணித்தார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்துவிட்டதா என்று நம் பாட்டிமார் சொல்வதைப் போலத்தான். பந்தயக்காரர்களின் இதயம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்றும், பெரிய இதயம் கூடுதல் வேலையைச் செய்யவல்லது என்றும் அவர் முடிவுக்கு வந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் டார்லிங் என்பவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துத் துடுப்புப் படகோட்டிகளிடமும் இதையே கண்டார். ஆனாலும் அதன் பிறகு பல்லாண்டு காலம் 'ஓடி ஓடி இதயம் வீங்கிவிடும்' என்ற அச்சம் மருத்துவர்களிடையே கூட இருந்தது. என் அம்மா தனியாள் அல்லர்.

இனி, ஏன் பெரிதாகிறது என்று பார்ப்போம். ஒரு சிறு கணக்கு போதும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் தேவை. சராசரி மனிதரின் இதயம் நிமிடத்திற்கு 70 முறை துடித்து, துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வீதம் வெளியே தள்ளுகிறது, பெருக்கினால் 4.9 லிட்டர். நன்கு பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரரின் இதயம் துடிப்புக்கு 110 மில்லிலிட்டர் தள்ளினால் 45 துடிப்பே போதும், 4.95 லிட்டர் வந்துவிடும். நாடி மெதுவாக இருப்பதற்கு நரம்புகளின் செல்வாக்கும் இதயத்தின் துடிப்பைத் தொடக்கி வைக்கும் அணுக்களில் ஏற்படும் மாற்றமும் காரணங்கள் என்பர். எப்படியாயினும், ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் போவதால் உடலுக்குக் குறைவில்லை.

ஓடும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. பயிற்சி செய்யாதவரின் இதயம் உச்ச முயற்சியில் நிமிடத்திற்கு 20 லிட்டர் அளவில் நின்றுவிடும். உலகத் தரமுள்ள ஆண் நெடுந்தூர வீரர்களுக்கு இது 35 லிட்டரையும் தாண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: உச்ச நாடித் துடிப்பைப் பயிற்சியால் கூட்ட முடியாது. இருபது வயதில் ஏறக்குறைய 200 என்றால், எவ்வளவு ஓடினாலும் அது 250 ஆகாது. ஆகவே கூடுதலாக வரும் லிட்டர்கள் அனைத்தும் ஒரு துடிப்புக்கு எவ்வளவு என்பதிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு அறை பெரிதாக வேண்டும். பெரிதான அறை நிரம்பவும் வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

முதலில் அறையை முடித்துவிடுகிறேன். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோர்கன்ராத்தும் அவருடைய குழுவினரும் எக்கோ கருவியால் விளையாட்டாளர்களின் இதயத்தை அளந்தார்கள். ஓட்டக்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இடது கீழறையின் உட்குழி அகன்றிருந்தது. மல்யுத்த வீரர்களுக்கும் குண்டு எறிபவர்களுக்கும் உட்குழி அகலவில்லை, சுவர் தடித்திருந்தது. காரணம் சுமையின் வகை. ஓடும்போது கால் தசைகள் இரத்தத்தைப் பிழிந்து பிழிந்து இதயத்திற்குத் திருப்பி அனுப்புகின்றன. இதயத்திற்கு அளவுச் சுமை. பளு தூக்கும்போதோ மூச்சை அடக்கி, தசைகளை இறுக்கி, இரத்தக் குழாய்களை நசுக்குகிறோம். அது அழுத்தச் சுமை. எவ்வளவு அழுத்தம்? 1985இல் மெக்டூகல் என்பவரின் குழு உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே அளவி வைத்துப் பார்த்தது. இரு கால்களாலும் பளுவைத் தள்ளும்போது சராசரி 320க்கு 250 வரை ஏறியது. ஒருவருக்கு 480க்கு 350ஐத் தாண்டியது. கிளினிக்கில் 140 என்றாலே நமக்கு முகம் மாறிவிடுகிறது அல்லவா?

அளவுச் சுமை வந்தால் இதயத் தசை அணுக்கள் நீளவாக்கில் வளர்கின்றன. அழுத்தச் சுமை வந்தால் பருமனாகின்றன. பெரும்பாலும் புதிய அணுக்கள் பெருகுவதில்லை, இருப்பவையே உருமாறுகின்றன. ஆனால் அகன்ற அறையின் சுவர் மெல்லியதாகவே இருந்தால் அதன்மீது இழுவிசை ஏறிவிடும். ஊதிய பலூன் மெலிந்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஓட்டக்காரரின் இதயம் அகலும்போது சுவரும் அதற்கேற்ப ஓரளவு தடிக்கிறது. மோர்கன்ராத்தின் இரு பிரிவுகள் அழகானவை, ஆனால் உண்மை அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் பளுதூக்குபவர்களின் சுவர் அவ்வளவாகத் தடித்திருக்கவில்லை. மாறாக, துடுப்புப் படகோட்டிகளும் சைக்கிளோட்டிகளும் இரு சுமைகளையும் ஒருங்கே தாங்குவதால் அகலத்திலும் தடிப்பிலும் முன்னணியில் நிற்கிறார்கள்.

அளவுகளை இத்தாலியர்கள்தாம் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்நாட்டில் 1982 முதல் போட்டி விளையாட்டாளர்கள் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது சட்டப்படி கட்டாயம். பெல்லிச்சியா என்னும் மருத்துவர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் 947 தேர்ந்த விளையாட்டாளர்களில் 16 பேருக்கு மட்டுமே இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. உச்ச அளவு 16. 1999இல் 1,309 பேரைப் பார்த்ததில் நூற்றுக்கு 14 பேருக்கு உட்குழி 60 மில்லிமீட்டரை எட்டியிருந்தது. 1996இல் பெண்கள் 600 பேரைத் தனியாக அளந்தபோது ஒருவருக்கும் சுவர் 12 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. எனக்கு ஆறுதல் தந்த வரி இதுதான். ஏனென்றால் என் எக்கோ அறிக்கையில் சுவர் 9, உட்குழி 54. குழி சற்றுப் பெரிது, சுவரில் குறையில்லை.

இதற்குள் அம்மா பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தி வைத்திருந்த தாத்தாவின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்துவிட்டார். 2010இல் எடுத்தது. சுவர் 16, உட்குழி 43. வெளியே பெரிதாகத் தெரிந்த தாத்தாவின் இதயம் உள்ளே சிறுத்துப் போயிருந்திருக்கிறது! ஆனால் அடுத்த வரியைப் படித்ததும் எனக்குக் குழப்பம் வந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியேறுகிறது என்னும் அளவு, தாத்தாவுக்கு 62. எனக்கு 57. இரண்டுமே இயல்பு. பார்க்கப்போனால் தாத்தாவுடையது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நன்றாக இறைக்கும் இதயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி மூச்சுத் திணறி இறக்க முடியும்?

விடை நிரம்புவதில் இருக்கிறது. இதயம் என்றதும் நாம் இறைப்பதை மட்டுமே நினைக்கிறோம். கிணற்றில் வாளி ஏறி வருவதைப் பார்க்கிறோம், அது கீழே போய் நிறைவதைப் பார்ப்பதில்லை. கீழறை சுருங்குவது ஒரு பாதி வேலை. தளர்ந்து, விரிந்து, மேலறையிலிருந்து இரத்தத்தை வாங்கிக்கொள்வது மறுபாதி. இந்தத் தளர்வு சும்மா இருப்பது அன்று. தசை சுருங்குவதற்காக வெளிவந்த கால்சியத்தை மறுபடியும் அணுவுக்குள் இருக்கும் சேமிப்புப் பைக்கு ஏற்ற வேண்டும். அதற்குச் சக்தி செலவாகிறது. இதயத்திற்கு ஓய்வெடுப்பதும் உழைப்புதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கீழறை சுருங்கும்போது துணியைப் பிழிவதைப் போல முறுக்கிக்கொள்கிறது. சுருக்கம் முடிந்ததும் முறுக்கு விடுபட்டு, வில்லைப் போல விரிகிறது. அந்த வேகத்தில் அறைக்குள் அழுத்தம் சட்டென்று விழ, இரத்தம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கண்மருந்துச் சொட்டுக்குழாயின் ரப்பர் குமிழை அழுத்தி விட்டால் மருந்து மேலேறுகிறதே, அதே தத்துவம். இந்த முதல் வரவை எக்கோவில் 'ஈ அலை' என்கிறார்கள். துடிப்பின் முடிவில் மேலறை தானும் ஒருமுறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. அது 'ஏ அலை'. இளைஞர்களுக்கு முதல் அலையே பெரும்பகுதியை நிரப்பிவிடும். வயது ஏற ஏற, கீழறை விறைத்து, மேலறையின் தள்ளலை அதிகமாக நம்ப வேண்டி வரும். ஓட்டக்காரர்களுக்கு ஈ அலை ஏ அலையைப்போல் இரு மடங்குக்கு மேலும் இருக்கும். எனக்கு 2.2.

தாத்தாவுக்கு எவ்வளவு தெரியுமா? 2.1.

அந்த எண்ணைப் பார்த்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் துறையில் எங்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கும் விரிவுரையாளரிடம் இரு அறிக்கைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். இரத்தத்தின் வேகத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். இதயச் சுவரே எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று அளக்க வேண்டும் என்றார். ஈ அலையின்போது நடுச்சுவர் விலகும் வேகம் எனக்கு நொடிக்கு 13 சென்டிமீட்டர். தாத்தாவுக்கு 4. இந்த வேகம் 7க்குக் கீழே போனால் தளர்வில் குறை என்று 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

அதாவது, என் கீழறை தானே விரிந்து இரத்தத்தை இழுக்கிறது. தாத்தாவின் கீழறையோ, பல்லாண்டு இரத்த அழுத்தத்தை எதிர்த்துத் தடித்து, நார் படிந்து, விறைத்துப்போனது, தானாக விரியவில்லை. பின்னால் மேலறையில் இரத்தம் தேங்கி அழுத்தம் ஏறிப்போனதால், கதவு திறந்ததும் அது முண்டியடித்து உள்ளே பாய்ந்தது. இரண்டுமே வேகமான வரவுதான். ஒன்று இழுக்கப்பட்டு வருவது, மற்றொன்று தள்ளப்பட்டு வருவது. மேலறையில் ஏறிய அழுத்தம் அப்படியே நுரையீரலுக்கும் பின்னேறும். படுத்தால் காலில் கிடக்கும் நீரும் மார்புக்குத் திரும்பிவிடும். மூன்று தலையணைகளுக்கான காரணம் அதுதான். எட்டு வயதில் அந்தத் தலையணைகளை அடுக்கிக் கொடுத்தது நான்.

சரி, ஓட்டக்காரருக்கு இந்த நிரம்பும் திறன் ஏன் அவ்வளவு முக்கியம்? நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். என் நாடி 44ஆக இருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் நிரம்புவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி கிடைக்கிறது. கடைசிச் சுற்றில் நாடி 190 ஆகும்போது ஒரு துடிப்பின் மொத்த நேரமே 0.32 நொடிதான். அதில் நிரம்பக் கிடைப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு அளவே. அந்தக் கண்ணிமைப் பொழுதில் அதே அறை முழுவதும் நிறைய வேண்டும். விறைத்த இதயத்தால் இது முடியாது. பயிற்சியில்லாத இதயத்தாலும் ஓரளவுக்குமேல் முடியாது. அதனால் ஒரு கட்டத்திற்குப் பிறகு துடிப்பு ஏறினாலும் துடிப்புக்குரிய அளவு ஏறாமல் நின்றுவிடுகிறது. 1994இல் கனடாவில் கிளெட்ஹில் குழுவினர் தேர்ந்த சைக்கிளோட்டிகளை அளந்தபோது, அவர்களுக்கு அந்த அளவு உச்சம் வரை ஏறிக்கொண்டே போனதைக் கண்டார்கள். வேகமாகக் காலி செய்வதால் மட்டுமன்று, வேகமாக நிரப்புவதால் கிடைத்த வெற்றி அது.

இதற்கு மூன்று காரணங்கள் கைகோக்கின்றன. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே உடலின் மொத்த இரத்த அளவு கூடிவிடுகிறது; நிரப்பச் சரக்கு அதிகம். தளர்வு வேகம் பெறுகிறது. மூன்றாவதாக, சுவர் இணக்கமுடையதாகிறது. அதே அழுத்தத்தில் அதிகம் வாங்கிக்கொள்கிறது. புதிய ரப்பர் பலூனை ஊத மூச்சு வாங்கும், பலமுறை ஊதிய பலூன் எளிதாக விரியும் அல்லவா? இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்கும் இதில் பங்குண்டு. 1986இல் நாய்களுக்கு அந்த உறையை அகற்றிவிட்டு ஓடவிட்டபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே இதயம் இறைக்கும் உச்ச அளவு கூடியது. தசை தயாராகத்தான் இருந்தது, சட்டைதான் இறுக்கம்!

1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது நம் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றதை மூத்த முன்னாள் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடம். நாடி சராசரியாக 150 என்று வைத்துக்கொண்டால் 37,500 முறை நிரம்பிக் காலியாகியிருக்கிறது அந்த இதயம். நான் ஐயாயிரம் மீட்டரில் களைத்துப்போகும்போதெல்லாம் அந்த எண்ணை நினைத்துக்கொள்வேன்.

பயிற்சியின் வகைக்கேற்ப நிரம்பும் திறனும் மாறுகிறது என்பதற்கு ஹார்வர்ட் மாணவர்களே சான்று. 2008இல் பாகிஷ் என்னும் மருத்துவர் அங்குள்ள படகோட்டிகளையும் அமெரிக்கக் காற்பந்து விளையாட்டாளர்களையும் 90 நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தார். படகோட்டிகளுக்கு அறைகள் அகன்றன, தளர்வும் மேம்பட்டது. பளுப் பயிற்சியே பெரும்பகுதியாக இருந்த காற்பந்துக்காரர்களுக்குச் சுவர் தடித்தது, தளர்வோ சற்றுக் குறைந்தது. இரு குழுவினரும் ஆரோக்கியமான இளைஞர்களே. உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பை மட்டுமே நம்பும் நண்பர்கள் வாரத்தில் சில நாள் ஓடவும் செய்யலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடத் தொடங்கிய மறுநாளே இதயம் அகன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுப் பழக்கமே இல்லாத 12 பேருக்கு ஓராண்டு கடும் பயிற்சி அளித்தார்கள். முதல் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை இடது கீழறை தடித்ததே தவிர அகலவில்லை. அதன் பிறகே அகன்றது. இறங்குவது மட்டும் வேகம். 1993இல் பதிவான ஆறு ஒலிம்பிக் வீரர்கள் சில வாரங்கள் பயிற்சியை நிறுத்தியதும் அவர்களின் சுவர் சராசரி 13.8 மில்லிமீட்டரிலிருந்து 10.5க்கு இறங்கியது.

இந்த இறக்கம் மருத்துவர்களுக்குப் பெரிய உதவி. ஏனெனில், உண்மையிலேயே அஞ்ச வேண்டிய பெரிய இதயம் ஒன்று உண்டு. பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 2003 ஜூன் 26இல் பிரான்சின் லியோன் நகரில் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து இறந்த கேமரூன் காற்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவை நினைவிருக்கலாம். வயது 28. சுவர் 13 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும் இளைஞரைப் பார்த்து, இது பயிற்சியா நோயா என்று சொல்வது கடினம். அங்கேதான் மீண்டும் நிரம்பும் திறன் துணைக்கு வருகிறது. விளையாட்டாளருக்கு உட்குழி அகன்றிருக்கும், சுவர் விலகும் வேகம் நன்றாக இருக்கும், பயிற்சியை நிறுத்தினால் தடிப்பு குறையும். நோயாளிக்குக் குழி குறுகி இருக்கும், தளர்வு மந்தமாக இருக்கும், ஓய்வெடுத்தாலும் தடிப்பு போகாது. ஆதலால் ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், தயவுசெய்து 'நான் விளையாட்டாளன், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். இ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஓட்டம் எப்போதும் நன்மையே என்றும் நான் சொல்ல வரவில்லை. கீழறையோடு மேலறையும் விரிகிறது. பல்லாண்டு கடுமையாக ஓடியவர்களுக்கு மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு சற்று அதிகம் வருகிறது. 2013இல் சுவீடனில் 52,755 பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களை ஆராய்ந்தபோது, அதிகப் பந்தயங்களை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஹென்ஷென் விரலால் தட்டிப் பார்த்தவர்களின் கொள்ளுப்பேரர்களும் அவர்களில் இருந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். சொட்டுக்குழாய், பலூன், பிழிந்த துணி எல்லாவற்றையும் சமையலறை மேசைமேல் வைத்து விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா தாத்தா ஓடியிருந்தா பொழச்சிருப்பாரா?" என்றார். ஓடியிருந்தால் மட்டும் போதாது, மாத்திரையும் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றேன். பிறகுதான் அவருக்கு 51 வயது என்பதும், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை செய்வதும், போன ஆண்டு முதல் அவரும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதும் எனக்கு உறைத்தது. நான் என் இதயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இன்னோர் ஆய்வையும் அவருக்குச் சொன்னேன். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966இல் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்களின் உடல்திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. அதே நகரில் லெவின் என்பவரின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. உட்கார்ந்தே வாழ்ந்த 45 முதல் 64 வயது வரையுள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள், படிப்படியாகக் கூட்டி, வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சி செய்தார்கள்; அவற்றில் சில நாள் மூச்சு வாங்க வாங்க. அவர்களின் இடது கீழறையின் விறைப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு குறைந்தது. யோகாவும் சமநிலைப் பயிற்சியும் செய்த மறுபகுதியினருக்கு விறைப்பில் மாற்றமில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டு பயிற்சி அளித்துப் பார்த்த அவர்களின் 2010ஆம் ஆண்டு ஆய்விலோ விறைப்பு இளகவே இல்லை. வாசல் திறந்திருக்கிறது, ஆனால் எப்போதும் திறந்திருக்காது.

"எனக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்குன்னு சொல்ற" என்றார் அம்மா, விரல்விட்டு எண்ணிவிட்டு.

கிளினிக்கில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முதலில் தாமான் திடலைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். நான் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது கூடவே நடப்பேன். போன மாதம் கடைசி இரு சுற்றுகளைக் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று அவராகவே சொன்னார். முடித்துவிட்டு நீளிருக்கையில் உட்கார்ந்து, மணிக்கட்டை என்னிடம் நீட்டினார். 128. ஒரு நிமிடம் கழித்து 102. என் கையையும் பிடித்து அவரே எண்ணிப் பார்த்தார். கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உனக்கு என்னடி இது, அடுத்தது வருமா வராதான்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு" என்றார்.